கையில் படிந்த தேங்காய்க் கறை: ஒரு பிட்சர் பையனின் எட்டு மாத வலிமைப் பயிற்சி

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள், ஏப்ரல் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான். வயது 15. வலக்கைப் பிட்சர், அதாவது பேஸ்பாலில் வலது கையால் பந்து வீசுபவன். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், எனக்கு ஸ்பீடு வேணும். வெயிட் தூக்கச் சொல்லிக் குடுங்க." பேசிக்கொண்டே இடது கையால் வலது முழங்கையின் உட்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தான். தடவுகிறோம் என்பது அவனுக்கே தெரியவில்லை. எனக்கு அவன் கேட்ட கேள்வியைவிட அந்தத் தடவல்தான் முக்கியமாகப் பட்டது.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி பஸ். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். மைதானத்தில் இரண்டும் கலந்து ஓடும்; ஒரே பையன் காலையில் 'சார்' என்பான், சாயங்காலம் 'மாஷே' என்பான். கரிசல் மண், தென்னந்தோப்பு, கள்ளு. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்துதான் கள்ளு வண்டி போகிறது. இந்தப் பையனின் அப்பாவும் தென்னை ஏறிக் கள் இறக்குபவர்.

இங்கே பேஸ்பாலா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பேஸ்பால் இருக்கிறது. கிரிக்கெட் பையன்களில் எறிகை நன்றாக இருப்பவனைப் பிடித்து பிட்சராக்கிவிடுவார்கள். அப்படி வந்தவன்தான் இவனும். பிட்சர் நிற்கும் மேடு விதிப்படி 10 அங்குல உயரம் இருக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் மேடே கிடையாது. சுண்ணாம்புக் கோடு ஒன்று, அங்கிருந்து பந்தை அடிப்பவர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். அந்தத் தூரத்தை மட்டும் டேப் வைத்து அளந்து சரியாக வைத்திருக்கிறோம்.

பையனும் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர், பள்ளி, தெரு எதையும் சொல்லப்போவதில்லை. பதினெட்டு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தும் நான் தவறவிட்ட ஒன்று இதில் இருக்கிறது. பதின்வயதுப் பையன்களைப் பயிற்றுவிக்கிற மற்றவர்களும் அதைத் தவறவிடக் கூடாது.

முதல் நாள் பார்த்தது

உயரம் 168 செ.மீ., எடை 51 கிலோ. போன வருடத்துச் சட்டை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிற உடம்பு. முழங்கையின் உட்புறத்தில் ஒரு எலும்புக் குமிழ் இருக்குமே, வலது பக்கம் அதைக் கட்டைவிரலால் அழுத்தியதும் முகம் சுளித்தான். பத்துக்கு எத்தனை வலி என்றதற்கு 4 என்றான். இடது பக்கம் ஒன்றுமில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "பந்து போட்ட அன்னைக்கு ராத்திரி மட்டுந்தான் சார். காலைல சரியாயிரும்." எப்போதிலிருந்து? கொஞ்சம் யோசித்துவிட்டு, "தீவாளிக்கு அப்புறம்." ஐந்து மாதம்.

மல்லாக்கப் படுக்கவைத்துத் தோளின் சுழற்சியை அளந்தேன். செல்போனில் கோணம் காட்டும் செயலி போதும். வலது தோள் வெளிப்பக்கம் 108 பாகை, உட்பக்கம் 38. இடது தோள் வெளிப்பக்கம் 95, உட்பக்கம் 57. எறிகிறவர்களுக்கு எறியும் கை வெளிப்பக்கம் கூடுதலாகவும் உட்பக்கம் குறைவாகவும் சுழல்வது இயல்புதான். ஆனால் உட்பக்கம் 19 பாகை குறைந்திருப்பதை இயல்பு என்று விட்டுவிட முடியாது.

தண்டால் எடுக்கச் சொன்னேன். ஆறு எடுத்தான், நான்காவதிலேயே இடுப்பு தரையை நோக்கித் தொங்கிவிட்டது. இடது காலில் மட்டும் நின்று பாதி உட்காரச் சொன்னதும் முட்டி உள்ளே சாய்ந்தது. வலக்கைக்காரன் பந்து விடும்போது மொத்த உடம்பையும் தாங்குவது அந்த இடது கால்தான். இரண்டு காலிலும் குத்தவைத்து உட்காரச் சொன்னபோது மட்டும் குதிகால் தரையில் ஒட்டியிருக்க, முதுகு நேராக, சுகமாக உட்கார்ந்தான். நகரத்து ஜிம்களில் இதை வரவழைக்கவே ஒரு மாதம் ஆகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பிறந்த வீட்டுச் சீதனம்.

அன்று எடை எதையும் தொட விடவில்லை. பாலக்காட்டில் ஒரு எலும்பு மருத்துவரிடம் அப்பாவோடு அனுப்பினேன். இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த அவர், வலது குமிழின் வளர்ச்சித் தகடு இடதைவிடச் சற்று அகன்றிருக்கிறது, துண்டு எதுவும் பிரியவில்லை என்றார். ஆறு வாரம் எறியவே கூடாது. கால், இடுப்பு, வயிற்றுக்கான பயிற்சி செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வளர்ச்சித் தகடு என்பது வளரும் எலும்பின் ஓரத்தில் இருக்கும் குருத்தெலும்பு. முழங்கையின் உட்புறக் குமிழில் இருப்பது பெரும்பாலும் பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள்தான் முற்றி எலும்போடு சேரும். மணிக்கட்டை மடக்கும் தசைகளும், முழங்கையை உட்பக்கம் கட்டிவைத்திருக்கும் நாரும் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் குமிழைத்தான். வளர்ந்த பிட்சர் பந்தை விடும்போது தோள் நொடிக்குச் சுமார் 7000 பாகை வேகத்தில் உட்புறமாகச் சுழல்கிறது. முன்கை வெளிப்பக்கம் வளைய, முழங்கையின் உட்புறம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அந்த நார் அதை இழுத்துப் பிடிக்கும். பெரியவர்களுக்கு நார் அறும். 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு அதுதான் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறு இடத்திலிருந்து நார் எடுத்துவைத்துத் தைத்தார். அந்த அறுவைச் சிகிச்சைக்கு இன்றும் பிட்சரின் பெயர்தான். பையன்களுக்கோ நாரைவிட அந்தக் குருத்து பலவீனம். நார் தாக்குப்பிடிக்கும், அது பிடித்திருக்கும் எலும்புக் குமிழ் இழுபட்டுத் தகடு விரியும். 'காலையில் சரியாகிவிடும்' வலி அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு எறிவதை வீரம் என்று நினைக்கிற பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். முழங்கை நடுவில் சிக்கிக்கொண்டாலோ, முழுசாக நீட்ட முடியாமல் போனாலோ, எறியும்போது 'டப்' என்று கேட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அம்மாவின் பயம், அப்பாவின் பேச்சு

வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அம்மா வாசலில் நின்றபடியே கேட்டார்: "பையன் இன்னும் வளரோணுமுங்க சார். கல்லு மாதிரி வெயிட்டத் தூக்கி வெச்சா அப்படியே அமுங்கிப் போயிருவானுங்களே?"

தமிழ் வீடுகளில் மட்டும் இருக்கிற பயம் அல்ல இது. அமெரிக்கப் பேஸ்பாலிலேயே எடை தூக்கினால் தசை இறுகி எறிகை கெட்டுவிடும் என்று பல காலம் நம்பினார்கள். 1970களில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியில் இருந்தபோது பிட்சர் நோலன் ரையன் எடைப் பயிற்சியைக் கையில் எடுத்தார். 46 வயது வரை வீசி 5714 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது அடிக்க வந்தவரைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். உயரம் குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கூட நின்று கவனிக்கிற ஆள் இருந்து, முறை சரியாக இருந்தால் பதின்வயதினருக்கு எடைப் பயிற்சி பாதுகாப்பானது என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் சொல்கிறது. ஆள் இல்லாதபோது, போட்டி போட்டுக்கொண்டு, தூக்க முடியாததைத் தூக்கும்போதுதான் அடிபடுகிறார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினாலும் முகம் தெளியவில்லை. "ஆரம்பத்துல மண்ணு மூட்டை பத்து கிலோதாங்க. நீங்க தண்ணிக் கொடம் தூக்கறதவிடக் கம்மி" என்றதும்தான் சிரித்தார்.

அப்பா அதுவரை பேசவில்லை. தோளில் இருந்த துண்டை மடித்தபடி மகனைப் பார்த்துச் சொன்னார்: "கைய நம்பி மரம் ஏறுனா பாதி மரத்துலயே எறங்கோணும் சாமி. காலுதான் ஏத்துது. கை சும்மா புடிச்சுக்கறதுக்குத்தான்."

பயோமெக்கானிக்ஸ் வகுப்பில் நான் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்வதை அந்த மனிதர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். எறிவதும் அப்படித்தான். பின்காலால் தரையைத் தள்ளுகிறோம், முன்கால் ஊன்றி நிற்கிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகு நெஞ்சு, பிறகு தோள், கடைசியில் கை. சாட்டையைச் சுண்டுவதுபோல. பிடி பலவீனமாக இருந்தால் நுனி மட்டும் எப்படி வேகமாகப் போகும்? இடுப்பிலிருந்து வராத வேகத்தை முழங்கையிலிருந்து எடுக்கப் பார்த்ததால்தான் இவனுக்கு அங்கே வலித்தது என்பது என் கணிப்பு. அது பாதி சரி. மீதிப் பாதி ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

மண் மூட்டையும் சைக்கிள் டியூபும்

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறரைக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோப்பு வழியே வரும் நேரம். எட்டு மணிக்கு மேல் ஏப்ரலில் நிற்க முடியாது. உபகரணம் என்று பார்த்தால், பத்து கிலோ அரிசிப் பையில் ஆற்று மணல் நிரப்பி வாயைத் தைத்த மூட்டை ஒன்று, பழைய சைக்கிள் டியூப் இரண்டு, கைப்பிடி வைத்த பெயின்ட் வாளி இரண்டு, பள்ளி வராந்தாவில் இடுப்புயரக் கம்பி ஒன்று. அவ்வளவுதான்.

மூட்டையை நெஞ்சோடு அணைத்துக் குத்தவைத்து எழுவது, எட்டு எட்டாக மூன்று செட். முன்னும் பின்னுமாகக் கால் வைத்து இறங்கி எழுவது, காலுக்கு எட்டு. பெஞ்சின் மேல் கைவைத்துத் தண்டால். கம்பியைப் பிடித்துத் தொங்கி நெஞ்சைக் கம்பிக்கு இழுப்பது; முதல் நாள் மூன்றுதான் வந்தது. பக்கவாட்டில் முழங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் வைத்திருப்பது, 20 நொடி. வலது முழங்கையை ஊன்ற விடாமல், அந்தப் பக்கத்துக்குப் பெஞ்சில் முன்கையைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன். வாளிகளில் பாதித் தண்ணீர் ஊற்றி 30 மீட்டர் நடப்பது கடைசி. வாளி நடைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிடியை இறுக்கும் முன்கைத் தசைகள்தான் எறியும்போது அந்த உட்புற நாருக்குத் துணை நிற்பவை. ஆனால் குமிழில் வலி இருக்கும்வரை வலது வாளியில் கால்வாசிதான் தண்ணீர்.

இடுப்பை மடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதுகு வளையாமல் இடுப்பில் மட்டும் மடிய வேண்டும். 'இடுப்பைப் பின்னே தள்ளு' என்றால் முட்டியை மடக்கினான். 'முதுகை நேராக வை' என்றால் விறைத்து நின்றான். கடைசியில், "ரெண்டு கைலயும் பால் கேன் இருக்குது. தொழுவத்துக் கதவ எப்படிச் சாத்துவே?" என்று கேட்டேன். நிற்காமல் பின்னால் தள்ளி இல்லாத கதவைச் சாத்திக் காட்டினான். பத்து நாளாக வராதது ஒரு நொடியில் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பயிற்சிக்கு எங்கள் நோட்டில் பெயரே 'தொழுவக் கதவு'.

எந்தப் பயிற்சியிலும் முடிகிற மட்டும் செய்ய விடவில்லை. இன்னும் இரண்டு மூன்று வரும் என்று உடம்பு சொல்லும்போதே நிறுத்த வேண்டும். மூன்று செட்டிலும் எட்டும் ஒரே மாதிரி வந்தால் அடுத்த வாரம் மூட்டையில் இரண்டு கிலோ மணல் சேரும். இந்த வயதில் முதல் இரண்டு மாதம் கூடுகிற பலம் பெரும்பாலும் தசை பெருத்து வருவதல்ல. இருக்கிற தசையை எப்படிக் கூப்பிடுவது என்று நரம்பு பழகிக்கொள்வதால் வருவது. அதனால் முறை கெட்டுச் செய்த ஐந்தைவிட ஒழுங்காகச் செய்த மூன்று மேல். பையன்களுக்கு இதுதான் சலிப்பாக இருக்கும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாதே. அவன் சலித்துக்கொண்டது உண்மை. ஒருநாளும் வராமல் இருக்கவில்லை என்பதும் உண்மை.

தோளுக்கு சைக்கிள் டியூப். முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு மடித்த துண்டு, டியூபை வெளிப்பக்கம் இழுத்து மூன்று எண்ணி மெல்ல விடுவது. பந்து கையை விட்டுப் போன பிறகு கையை நிறுத்துகிற பிரேக் அந்தப் பின்தோள் தசைகள்தான். பிரேக் இல்லாத வண்டிக்கு எஞ்சினைப் பெரிதாக்கி என்ன செய்ய?

கறை

நான்காம் வாரக் கடைசியில் குமிழை அழுத்திப் பார்த்தேன். அதே 4. எறியாமல் ஒரு மாதம் ஆகியும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மறைத்து எறிகிறானோ என்று கேட்டேன். "சத்தியமா பந்தத் தொடல சார்" என்றான். கண் கலங்கிவிட்டது, பொய்யில்லை.

அன்று கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது விரல் நிற்கும் இடத்தைச் சரிசெய்ய அவன் வலது உள்ளங்கையைத் திருப்பினேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல் மூன்றின் உட்புறமும் கருத்துப் பழுப்பேறிக் கிடந்தது. சோப்புப் போட்டாலும் போகாத கறை. இடது கையில் இல்லை. தென்னந்தோப்பு ஊரில் அந்தக் கறை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டைக் காயின் கறை.

விடுமுறை தொடங்கியதிலிருந்து வாரம் மூன்று சாயங்காலம் தோப்பில் லோடு ஏற்றப் போயிருக்கிறான். குவியலிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்து, தலைக்கு மேல் நிற்கும் டிராக்டர் டிப்பருக்குள் பக்கவாட்டில் வீசுவது. ஒரு சாயங்காலத்துக்கு ஐந்நூறு, அறுநூறு காய். பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம். மட்டையோடு ஒரு தேங்காய் ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். அதோடு ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஓப்பனிங் பௌலிங்! "அது பேஸ்பால் இல்லையே சார்" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. நான்தான் தினமும் 'பந்து எறிந்தாயா' என்று கேட்டேனே தவிர, 'இந்த வாரம் உன் வலது கை என்னென்ன செய்தது' என்று ஒருமுறையும் கேட்கவில்லை. தோப்பு வேலைக்குப் போகாத பிள்ளை இந்த ஊரில் குறைவு என்று தெரிந்தும் கேட்கவில்லை. அவனுடைய ஒரு மாதம் வீணானதற்கு என் கேள்விதான் காரணம்.

கூலியை எதற்குச் சேர்த்தான் தெரியுமா? கையுறை வாங்க. பள்ளியில் இருந்த கையுறை ஓரம் பிரிந்து, கேட்ச் பிடித்தால் உள்ளங்கை எரியும்.

அப்பாவிடம் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவங் கேக்கவே இல்லீங்க எங்கிட்ட" என்று மட்டும் சொன்னார். லோடு வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் பணம் புழங்குகிற நிலைமை எனக்குத் தெரியும். தோப்புக்காரரிடம் கேட்டு, வீசுகிற வேலைக்குப் பதிலாக நோட்டில் கணக்கு எழுதுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கூலி பாதியானது. மருத்துவர் சொன்ன ஆறு வாரம் மே முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். நாளுக்கு ஒரு வரி: பந்து எத்தனை, கிரிக்கெட் எத்தனை ஓவர், தேங்காய் எத்தனை, மூட்டை எத்தனை கிலோ, வலி எத்தனை, தூக்கம் எத்தனை மணி. தோப்பில் கணக்கெழுதப் பழகியவன் என்பதால் இதையும் ஒழுங்காக எழுதினான். ஜூன் பாதியில், பள்ளி திறந்து மழை பிடித்திருந்த நேரம், குமிழை அழுத்தினேன். பூஜ்யம். மருத்துவரும் பார்த்துச் சரி என்றார்.

இரும்பு, பந்து, சோறு

மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாள் டவுனில் ஒரு ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். வெறும் கம்பியே 20 கிலோ. தரையிலிருந்து எடுக்க வைக்காமல், செங்கல் அடுக்கி உயர்த்தி அங்கிருந்து தொழுவக் கதவு போட வைத்தேன். முதல் நாள் 30 கிலோ, ஐந்து முறை. வாரத்துக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் ஏற்றியதில்லை. ஆகஸ்டில் இரண்டு மாதத்தில் ஒன்றரை செ.மீ. வளர்ந்துவிட்டான், தொடைப் பின்புறம் இறுகி, குனிந்தால் முதுகு வளைந்தது. மூன்று வாரம் எடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். கை கால் நீண்டுவிட்ட உடம்புக்குத் தன் நீளம் பழக அவகாசம் வேண்டும்.

ஜிம்மில் பெரிய பையன்கள் கேட்டது ஒரே கேள்வி: "பெஞ்ச் எவ்ளோ போடுவே?" நான் பெஞ்ச் பிரஸ் தரவில்லை. அது விஷமில்லை. ஆனால் பெஞ்சில் படுத்தால் தோள்பட்டை எலும்பு பலகைக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்; எறிகிறவனுக்கு அந்த எலும்பு விலாவைச் சுற்றித் தாராளமாக ஓடப் பழக வேண்டும். தண்டாலில் அது ஓடும். அதனால் தண்டாலே போதும், கூடினால் முதுகில் மண் மூட்டை. தலைக்கு மேல் கம்பி தூக்குவதையும் அந்த வருடம் தவிர்த்தோம். அங்கேயே டப்பா புரோட்டீன் விற்றார்கள். ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். தினம் இரண்டு முட்டை, ஐம்பது கிராம் நிலக்கடலை, ஒரு கிண்ணம் கொள்ளு, அரை லிட்டர் பால் என்று வீட்டில் முடிகிறதைச் சேர்த்தாலே ஐம்பது கிராம் புரதம் வரும். சோறு, பருப்பு, மத்தி மீனில் வருவது தனி. அம்மா அதை ஒரு நாளும் தவறவிடவில்லை. தூக்கம்தான் வம்பாக இருந்தது. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். நோட்டில் ஆறு, ஆறு, ஐந்தரை என்று வந்தது. இரவு ஒன்பதரைக்குச் செல்போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் போய்விடும் என்று ஏற்பாடானது.

அந்தச் செல்போனில் பார்த்துத்தான் ரிங்கு சிங், தினேஷ் படேல் பற்றி என்னிடம் சொன்னான். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள். 2008இல் ஒரு தொலைக்காட்சித் தேர்வில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் போட்டவர்கள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த ஆசையை நான் குறைக்கவில்லை. அவர்களுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது, இந்தத் தகடு முற்றி முடிந்த வயது என்பதை மட்டும் சொன்னேன்.

எறிகை ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கியது. 30 அடியில் மெல்ல, 25 எறிகை, இரண்டு தவணை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு 45 அடி, 60, 90. ஒவ்வொரு தூரமும் வலியில்லாமல் மூன்று நாள் முடிந்தால் அடுத்தது. குமிழில் ஒன்று என்று எழுதினாலும் இரண்டு நாள் ஓய்வு, ஒரு படி கீழே. இரண்டு முறை இறங்கினோம். எறிகிற நாளில்தான் எடையும்: முதலில் பந்து, பிறகு இரும்பு. களைத்த கால், களைத்த தோளோடு பந்தை எடுக்க விடவே கூடாது. மறுநாள் இரண்டும் இல்லை.

அமெரிக்காவின் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும், அந்நாட்டு பேஸ்பால் அமைப்பான யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதலில் 15–16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பிட்ச், அதாவது 95 வீச்சு. 31 முதல் 45 வரை வீசினால் ஒரு நாள் ஓய்வு, 46 முதல் 60 என்றால் இரண்டு நாள், 61 முதல் 75 என்றால் மூன்று, 76ஐத் தொட்டாலே நான்கு. எங்கள் ஊரில் இரண்டு நாளில் முழுப் போட்டியும் முடிந்துவிடும். இருக்கிற ஒரு நல்ல பிட்சரே காலையும் மாலையும் வீசுவான். அதனால் இந்த வருடம் ஆட்டத்துக்கு 45, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை, வீசிய மறுநாள் ஓய்வு என்று நானும் அவனும் முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தோம்.

செப்டம்பரில் அது சோதனைக்கு வந்தது. முதல் நாள் 43 பிட்ச் வீசி ஜெயித்துக் கொடுத்தான். மறுநாள் காலை அரையிறுதி. அணியின் பொறுப்பாளர், "ரெண்டு இன்னிங்ஸ் மட்டும்டா" என்று தோளில் கை போட்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்து, முதல் பக்கத்தைக் காட்டி, "இன்னைக்கு முடியாது சார். ஃபர்ஸ்ட் பேஸ் நிக்கறேன்" என்றான். குரல் நடுங்கியது. பந்து வீசாமல் ஃபர்ஸ்ட் பேஸில் ஃபீல்டராக நின்றான். ஆட்டம் தோற்றது. பஸ்ஸில் யாரும் அவனிடம் பேசவில்லை. கொழிஞ்சாம்பாறை வரும்வரை நான் அவன் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எண்கள்

எங்களிடம் ரேடார் கிடையாது. பிப்ரவரியில் நண்பன் ஸ்லோ மோஷனில் எடுத்த வீடியோ இருந்தது, நொடிக்கு 240 ஃபிரேம். பந்து கையை விட்டதிலிருந்து, அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறை வரை 158 ஃபிரேம். அடி வைக்கிற நீளத்தைக் கழித்தால் பந்து போகிற தூரம் ஏறக்குறைய 16.9 மீட்டர், சராசரி மணிக்கு 92 கிலோமீட்டர். அக்டோபரில் அதே கோடு, அதே செல்போன்: 145 ஃபிரேம், மணிக்கு 101. ஓரிரு ஃபிரேம் பிசகினாலும் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் மாறும். இந்த ஒன்பதையும் இரும்பின் கணக்கில் எழுத மாட்டேன். அதே எட்டு மாதத்தில் மூன்று செ.மீ. வளர்ந்திருக்கிறான், வலி போயிருக்கிறது, முன்கால் உறுதியாக ஊன்றுகிறது. எது எவ்வளவு என்று ஒரே ஒரு பையனை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

டிசம்பரில் உயரம் 171, எடை 56.5. தண்டால் 22, இடுப்பு தொங்காமல். கம்பி இழுப்பு 11. செங்கல் மேலிருந்து தொழுவக் கதவு 65 கிலோ, ஐந்து முறை. வலது தோளின் உட்பக்கச் சுழற்சி 38லிருந்து 49 ஆனது; பக்கவாட்டில் படுத்துக் கையை மெல்ல அமுக்கும் நீட்டல் பயிற்சியைத் தினமும் செய்ததன் பலன் அது. இடது காலில் நின்று இறங்கினால் முட்டி இப்போது உள்ளே சாய்வதில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் தகடு ஒரே அளவு. நவம்பரிலிருந்து எறிகை அடியோடு நிறுத்தம். மூன்று மாதம் பந்தே இல்லை, வாரம் மூன்று நாள் இரும்பு மட்டும்.

கையுறைக்கு இன்னும் முந்நூறு ரூபாய் சேர வேண்டும்.

நோட்டு இப்போது இரண்டாவது. போன ஞாயிற்றுக்கிழமை வரி இது, அவன் எழுதியபடியே: "பந்து 0. கிரிக்கெட் 0. தேங்காய் 0. வலி 0. தூக்கம் 9. அப்பா கூடத் தோப்புக்குப் போனேன். தளை போட்டுப் பத்தடி ஏறினேன். கால்லதான் ஏறினேன்." பக்கத்தில் சிவப்பு மையில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "எத்தனை தடவை ஏறினாய்? அதையும் எழுது."